தேக்கு ஸ்பியர்கன் ஒட்ட எபாக்ஸியா, ரிசார்சினாலா?

ஸ்பியர்கன் என்பது நீருக்கடியில் மீனை ஈட்டியால் குத்தும் துப்பாக்கி. அதன் மரத்தில் குழப்பம் வேண்டாம்: ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே உள்ள, முடிச்சில்லாத தேக்கு. ஒரே கட்டையில் செதுக்கினால் நாளடைவில் வளைந்து குறி தவறலாம். 12 மி.மீ. பட்டைகள் மூன்றை, ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டுங்கள். தடுமாற்றம் பசையில்தான்: எபாக்ஸி, ரிசார்சினால் என்ற இரண்டில் எது?

இழைப்பு
எபாக்ஸி: சிலிக்கா தூள் கலந்தால் சிறு இடைவெளியையும் நிரப்பும்.
ரிசார்சினால்: பட்டைகளுக்கு நடுவில் காகிதம்கூட நுழையாதபடி இழைக்க வேண்டும்.

கிளாம்ப்
எபாக்ஸி: லேசான பிடி போதும். இறுக்கினால் பசை வழிந்தோடி மூட்டு வறண்டுவிடும். துப்பாக்கி பிளக்க இதுவும் ஒரு காரணம். முதலில் தூள் கலக்காத எபாக்ஸியை இரு முகத்திலும் தடவி, மரம் குடித்ததும் தூள் கலந்து கெட்டியாக்கியதைப் பூசுங்கள்.
ரிசார்சினால்: சதுர அங்குலத்துக்குச் சுமார் 150 பவுண்டு அழுத்தம், 21 டிகிரிக்கு மேல் வெப்பம். நிறைய கிளாம்ப் வேண்டும்.

வெயில்
எபாக்ஸி: சாதாரண வகை 60 டிகிரி வாக்கில் இளகும். படகுத் தளத்தில் வெயிலில் போடாதீர்கள்.
ரிசார்சினால்: கொதிநீரும் அசைக்காது. ஆனால் ஒட்டிய இடத்தில் கருஞ்சிவப்புக் கோடு தெரியும்.

எதுவானாலும், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை வருகிறதே, அதுதான் தேக்கின் எண்ணெய். துணி வெளுப்பாக வரும்வரை துடைத்து, உடனே ஒட்டிவிடுங்கள். விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

கை ரம்பமும் நாலைந்து கிளாம்பும் மட்டும் இருப்பவருக்கு எபாக்ஸி. இழைப்பு இயந்திரமும் போதிய கிளாம்பும் உள்ளவர், துப்பாக்கி நாள் முழுக்க வெயிலில் கிடக்குமென்றால், ரிசார்சினாலுக்குப் போகலாம்.