காரைக்குடியில் விற்கும் 'அனஸ்தீஷியா டாக்டரேட்' பேக்கேஜ்: முதல் தவணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் நர்ஸாக இருந்துகொண்டே மயக்க மருந்து கொடுக்கும் வேலை, அதற்கு ஒரு டாக்டர் பட்டம், வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் நர்சிங் முடிக்கிற பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். இங்கே மதிப்பிடுவது காரைக்குடியில் இயங்கும் அப்படி ஒரு பயிற்சி மையத்தின் பேக்கேஜ். பெயர் வேண்டாம். இதே சரக்கு வேறு பலகையின் கீழ் வேறு ஊர்களிலும் கிடைக்கிறது; குறை நிறை பெரும்பாலும் ஒன்றுதான்.

சம்பளத்தில் பொய் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி நர்ஸ் அனஸ்தெடிஸ்டின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2,12,650 டாலர். பட்டத்திலும் பொய் இல்லை. 2022 ஜனவரி 1 முதல் இந்தப் படிப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் டாக்டர் பட்டத்துக்குத்தான் சேர முடியும். பழைய முதுநிலை வழி மூடியாகிவிட்டது. கோளாறு எதை எங்கே, எப்போது செய்ய வேண்டும் என்கிற வரிசையில் இருக்கிறது. காரைக்குடியில் செய்ய முடிகிற வேலை கொஞ்சம்தான். அதைத் தாண்டியதையும் இங்கேயே முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் மீதி இரண்டு தவணையை வாங்குகிறார்கள்.

பேக்கேஜ் மூன்று கட்டம், மூன்று சம தவணை. முதல் கட்டம் என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசன்ஸுக்கான தேர்வு) வகுப்பும் சான்றிதழ் வேலையும். இரண்டாவது, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் இரண்டு வருஷ வேலையும் சிசிஆர்என் (தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான அமெரிக்கச் சான்று) பாடப் புத்தகமும். மூன்றாவது, பல்கலைக்கழக விண்ணப்பம், நோக்க அறிக்கை, மாதிரி நேர்காணல்.

முதல் கட்டம் கொடுத்த காசுக்குத் தகும். என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலில் மாறியது: குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் 5 மணி. மதிப்பெண்ணுக்கு எடுக்கும் நோயாளர் வழக்குகள் மூன்று, ஒவ்வொன்றிலும் 6 கேள்வி, ஓரளவு சரியென்றால் அதற்கேற்ற மதிப்பெண்ணும் உண்டு. இந்த மாற்றத்தைப் பாடத்தில் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்னும் பழைய நான்கு விடைக் கேள்விகளையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் மையங்களுக்கு இது எவ்வளவோ மேல். கட்டணத்தை மட்டும் பிரித்துக் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் கூடுதலாக 150 டாலர், அதற்கு மேல் எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில நர்சிங் போர்டின் கட்டணம். இம்மூன்றும் மையத்தின் கையில் இல்லாதவை. 'எல்லாம் சேர்த்து' என்று ஒரே தொகை சொன்னால், வகுப்புக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமலே போய்விடும்.

மையத்தின் உண்மையான பலம் சான்றிதழ் மேஜைதான். நம் பக்கம் விண்ணப்பங்கள் சிக்குவது படிப்பால் அல்ல, பெயரால். மார்க்‌ஷீட்டில் தலைப்பெழுத்து முன்னால், கவுன்சில் பதிவில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். தேர்வு நாளன்று காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயர், பதிவு செய்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போகும். இந்த மையம் முதல் வாரத்திலேயே எல்லாத் தாளையும் பரப்பி வைத்து, எதைத் திருத்துவது, எதற்கு அஃபிடவிட் போதும் என்று பார்த்துவிடுகிறது. டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், மாணவர் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். தேர்வுக்கான அனுமதி மின்னஞ்சல் பொதுவாக 90 நாள்தான் உயிரோடு இருக்கும், நீட்டிக்க வழியில்லை. ஆகவே அது வருவதற்கு முன்பே படிப்பை முக்கால் பங்கு முடித்திருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டிருப்பதும் நல்ல யோசனை.

இதே மேஜையில் ஒரு பெரிய தவறும் நடக்கிறது. பி.எஸ்சி. அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். படிப்பின் பெயரில் அனஸ்தீஷியா இருக்கிறது, அவ்வளவுதான். அது நர்சிங் பட்டம் இல்லை. அதைக் கொண்டு என்கிளெக்ஸுக்கு விண்ணப்பிக்கவே முடியாது, பிறகு நர்ஸ் அனஸ்தீஷியா எங்கே? ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்கள் நிலை வேறு. அவர்கள் ஆர்என், அதாவது அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸ், ஆகலாம். ஆனால் டாக்டர் படிப்புக்கு இளநிலைப் பட்டம் தேவைப்படும், இரண்டு வருஷ போஸ்ட் பேஸிக் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது நல்லது.

இனி இரண்டாம் கட்டம். இந்த விமர்சனத்தை எழுதவைத்ததே இதுதான்.

நர்ஸ் அனஸ்தீஷியா படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கவுன்சிலின் விதிப்படி, சேர்வதற்கு முன் குறைந்தது ஒரு வருஷம் முழுநேர கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை) அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். மதுரையில் இரண்டு வருஷம் அல்ல, இருபது வருஷம் ஐசியூவில் நின்றாலும் அந்த ஒரு வருஷக் கணக்கில் ஒரு நாள் ஏறாது. மையத்தின் விளம்பரத் தாளில் 'சேர்க்கைக்குத் தேவையான ஐசியூ அனுபவம் இங்கேயே' என்று அச்சடித்திருப்பது அப்பட்டமான தவறு.

சிசிஆர்என் கதையும் அதேதான். இரண்டு வருஷ வழியில் போனால் தீவிர நோயாளிகளை நேரடியாகக் கவனித்த 1,750 மணி நேரம் காட்ட வேண்டும், அதில் 875 மணி கடைசி ஒரு வருஷத்தில். அமெரிக்க ஆர்என் லைசன்ஸ் இல்லாமல் விண்ணப்பம் போடவே முடியாது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்துக்கு இப்போதே பணம் கட்டுவது, பந்தி போடுவதற்கு மூன்று வருஷம் முன்பே இலை வாங்கி வைப்பது போல.

அதற்காக மதுரை ஐசியூ வேலை வீண் என்று அர்த்தம் இல்லை. கை பழகும், அமெரிக்க மருத்துவமனை நேர்காணலில் ஐசியூவுக்கே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்த வேலையை ஒரு தவணை கட்டி வாங்க வேண்டாம், நேராகப் போய்க் கேட்டாலே கிடைக்கும். எந்த ஐசியூ என்று பார்த்துச் சேருங்கள். வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன், சென்ட்ரல் லைன், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள், இவை அன்றாடம் ஓடும் இடமாக இருக்க வேண்டும். இதய அறுவைக்குப் பிந்தைய ஐசியூ கிடைத்தால் அதுதான் முதல். அவசரப் பிரிவும் அறுவை அரங்கும் பரபரப்பாக இருக்கும். ஆனால் ஐசியூ அனுபவமாகப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாடப் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிர்ச்சி நிலைகளின் அட்டவணை தெளிவாக இருக்கிறது. எந்த மருந்து எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்ற பக்கம் அருமை. மருந்தளவுப் பகுதியில்தான் சறுக்கல். ரத்த அழுத்தத்தைத் தூக்கும் நார்அட்ரினலினை நம் வார்டுகளில் 'நார்அட் அஞ்சு எம்எல் ஓடுது' என்பார்கள். புத்தகமும் அதே பேச்சில் எழுதியிருக்கிறது. அந்த அஞ்சு எம்எல்லில் எவ்வளவு மருந்து என்று தெரியாது. 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம், மணிக்கு 5 மில்லி என்றால் 400 மைக்ரோகிராம், நிமிஷத்துக்கு 6.7, 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.11 மைக்ரோகிராம். பக்கத்துப் படுக்கையில் 8 மில்லிகிராம் கலந்திருந்தால் அதே அஞ்சு எம்எல் இரட்டிப்பு மருந்து. அமெரிக்காவில் நேர்காணலில் கேட்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். மையச் சிரை அழுத்தத்தையும் (சிவிபி) தண்ணீர் சென்டிமீட்டரில் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். 1.36ஆல் வகுத்தால் பாதரச மில்லிமீட்டர் வரும்: 10 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 7.4. இந்த இரண்டையும் திருத்தாமல் புத்தகத்தை மனப்பாடம் செய்தால் அங்கே போய் முழிக்க வேண்டியதுதான்.

மூன்றாம் கட்டத்தை நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வருஷங்கள் கழித்து அமெரிக்காவில் ஐசியூ நர்ஸாக இருக்கும்போது எழுத வேண்டிய நோக்க அறிக்கையைக் காரைக்குடியில் இன்று எழுதி வாங்கி என்ன செய்வது? மாதிரி நேர்காணலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' ரகம். உள்ளூர் அறுவை அரங்கில் மயக்க மருத்துவரோடு நின்றதாக ஒரு 'ஷேடோயிங்' சான்றிதழும் தருகிறார்கள். பல்கலைக்கழகங்கள் கேட்பது நர்ஸ் அனஸ்தெடிஸ்டோடு நின்ற அனுபவம். இந்தியாவில் அந்தப் பணியிடமே கிடையாது. இங்கே மயக்கம் கொடுப்பது மருத்துவர்கள் மட்டும்.

இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். 'டாக்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆச்சிமார் மனதில் எம்.பி.பி.எஸ். போர்டுதான் தொங்கும். இது நர்சிங்கில் வாங்கும் டாக்டர் பட்டம். ஊருக்குத் திரும்பினால் அதைக் கொண்டு ஒரு நோயாளிக்கும் மயக்கம் கொடுக்க முடியாது. இந்தியாவிலேயே இருந்து தீவிர சிகிச்சையில் மேலே போக நினைப்பவர்களுக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலின் இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் படிப்பு இருக்கிறது. அதைப் பற்றி மையத்தில் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விற்பனைக்கு உதவாதே.

அமெரிக்க டாக்டர் படிப்பு எப்படி இருக்கும் என்பதையும் மேலோட்டமாகவே சொல்கிறார்கள். குறைந்தது 36 மாதம். உடலியலும் நோய்க்கூறியலும் 120 மணி, மருந்தியல் 90 மணி என்று அடித்தளம். மருத்துவமனையில் குறைந்தது 2,000 மணி நேரம், 600 நோயாளிகள். வாரப் பளு 64 மணி வரை போகலாம், அதனால் இடையில் வேலை பார்த்துச் சம்பாதிக்க முடியாது. கட்டணம் பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்; மூன்று வருஷச் சாப்பாடும் வாடகையும் தனி. முடிவில் தேசியச் சான்றுத் தேர்வு, 100 முதல் 170 கேள்வி, 3 மணி நேரம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப், போவதற்கு முன் பேரேட்டில் வரவு செலவு எழுதிப் பார்த்த ஊர் இது. மையம் தரும் தாளில் வரவுப் பத்தி மட்டும் இருக்கிறது.

செலவுப் பத்தியில் பெரிய எண் பணம் அல்ல, காலம். நர்ஸ்கள் பெரும்பாலும் போவது இபி-3 என்ற வேலைவாய்ப்புப் பிரிவில் கிடைக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வழியில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்து வருஷத்துக்கு மேல் பின்தங்கிக் கிடக்கிறது. மையம் சொல்லும் 'இரண்டு மூன்று வருஷம்' எந்த நாட்டுக் கணக்கோ. ஆனால் மையம் கேட்காமல் விடும் ஒரு கேள்வி நம் பகுதிக்கு முக்கியம்: நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிறந்து கானாடுகாத்தானில் வளர்ந்தவர், அல்லது அப்படிப் பிறந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டவர், அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பது அபூர்வமில்லை. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

காலத்தோடு சேர்ந்த இன்னொரு வீண் செலவு: வெளிநாட்டு நர்ஸ்கள் அமெரிக்க விசாவுக்குக் காட்ட வேண்டிய விசாஸ்கிரீன் சான்றிதழை முதல் வருஷமே எடுக்கச் சொல்கிறார்கள். அது 5 வருஷம்தான் செல்லும். அதற்காக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு 2 வருஷம். நீண்ட வரிசையில் நிற்பவர் இதை இப்போது எடுத்தால் விசா நேர்காணலுக்குள் காலாவதியாகி மறுபடி காசு. வரிசை நகர்ந்து நம் தேதி நெருங்கும்போது எடுத்தால் போதும். ஐஇஎல்டிஎஸ்ஸில் தேவை மொத்தம் 6.5, பேச்சில் 7. பேச்சுப் பயிற்சியை மட்டும் இப்போதே தொடங்கலாம்.

அமெரிக்க வேலை ஒப்பந்தம் வந்தால் இரண்டு இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். ஐசியூவில் பணி என்று எழுத்தில் இருக்கிறதா, அல்லது 'தேவைக்கேற்ப' என்று முதியோர் இல்லத்துக்கு அனுப்ப இடம் விட்டிருக்கிறார்களா? கட்டாயப் பணிக்காலம் முடிவதற்குள் படிப்பில் சேர்ந்தால் எவ்வளவு அபராதம்?

சேருவதென்றால் முதல் கட்டத்துக்கு மட்டும் தனி ரசீது கேட்டுச் சேருங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், விளம்பரத் தாளில்தான் அந்த வசதி அச்சாகவில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களை 'ஸ்கேன் செய்ய' என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. எதிரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லி அப்போதே கையோடு வாங்கி வாருங்கள்.