சோறு மிச்சமாகுற மெஸ்ஸுக்கு கம்போஸ்ட் பவுடர், வாங்கலாமா?

மிச்ச சோத்த மக்க வச்சு உரமாக்கற பாக்டீரியா பவுடரோட ரிவ்யூ இது, மெஸ்ஸு, கேட்டரிங், ஹாஸ்டல்னு தினம் சோறு மிச்சமாகுற இடம் வச்சிருக்கறவங்களுக்குத்தான். வீட்ல நாலு பேருக்கு சமைக்கறவங்க காச வேஸ்ட் பண்ணாதீங்க, தோட்டத்து மண்ணு ரெண்டு கை அள்ளிப் போட்டாலே போதும், இந்த சாதி பாக்டீரியா அதுலயும் இருக்குது.

நான் வாங்கினது வேலூர்ல ஒரு விதை, உரக்கடைல. கிலோ 180 ரூபா, பழுப்பு பவுடர், பிரிச்சா தவிடு வாசனை அடிக்குது. பின்னாடி பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ்னு ரெண்டு பேரு போட்டிருக்கான். ரெண்டும் சாதாரணமா மண்ணுல கெடக்கறதுதான், காஞ்சு போச்சுன்னா கெட்டியா ஓடு கட்டிக்கினு தூங்கிடும், அதான் ஃபிரிட்ஜ் எதுவும் இல்லாம மே மாச வெயில்ல கடை அலமாரில கெடந்தும் சாவறதில்ல. ஈரமும் தீனியும் கெடச்சா முழிச்சிக்கும், அப்பறம் அமைலேஸ்னு ஒரு என்சைம வெளிய விடும். சோறு, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாத்துலயும் இருக்கற ஸ்டார்ச் நீள நீள சங்கிலி, அத்த அப்படியே உள்ள இழுக்க பாக்டீரியாவால முடியாது, அதனால வெளியவே துண்டு துண்டா வெட்டி சர்க்கரையாக்கி அப்பறமா உறிஞ்சிக்குது.

வேலை செய்யுதான்னா, செய்யுது. ஓட்டை போட்ட டிரம்ல சோறு, உருளைக்கிழங்கு தோலு ஒரு பங்கு, வேப்பஞ்சருகு ரெண்டு பங்கு, மேல பவுடர் தூவி கிளறி விட்டா ரெண்டாம் நாளே உள்ள கைய வைக்க முடியல, அவ்ளோ சூடு. மக்கிடுச்சா இல்லையான்னு கண்ணால பாத்து நம்பாதீங்க, மெடிக்கல்ல விக்கிற பொவிடோன் அயோடின் மருந்து இருக்குல்ல, காயத்துக்கு போடறது, டிரம்லருந்து ஒரு ஸ்பூன் எடுத்து டம்ளர் தண்ணில கரைச்சு அதுல ரெண்டு சொட்டு விடுங்க. ஸ்டார்ச் மீதி இருந்தா கருநீலமா மாறும். புதுசா போட்ட சோறுக்கு இங்க் கொட்டின கலர் வந்துச்சு, அடில மக்கினதுக்கு மருந்தோட அந்த மஞ்ச பழுப்பு கலர் அப்படியே நின்னுச்சு. பவுடருக்கு குடுத்த காசு அங்கதான் ஜீரணமாச்சு எனக்கு.

ஆனா வடிகஞ்சிய மட்டும் டிரம்ல ஊத்திடாதீங்க. தண்ணி அதிகமானா காத்து போவாது, காத்து இல்லன்னா புளிக்கவைக்கிற வேற கூட்டம் ஏறிக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. கைல புடிச்சு அழுத்தினா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், அவ்ளோதான் ஈரம். தெளிக்கிற தண்ணி குளோரின் வாசன அடிக்கிற குழாத் தண்ணின்னா ராத்திரி பக்கெட்ல தொறந்து வச்சுட்டு காலைல தெளிங்க. பிரியாணி மிச்சமும் தனியா போவட்டும், எண்ணெயும் நெய்யும் கட்டி கட்டியா ஒட்டிக்கினு காத்த அடைச்சிடுது, எலும்பு கெடந்தா நாய் டிரம்மயே உருட்டிடும்.

இப்ப குறை. பாக்கெட்ல 'எல்லா குப்பையும் மக்கும்'னு பெருசா போட்டிருக்கான், சுத்தப் புருடா. தென்ன மட்டை, மல்லாட்டை (வேர்க்கடலை) தோலு ரெண்டும் போட்டது போட்டபடி இருக்குது. அதுல இருக்கறது லிக்னின், மரத்த கெட்டியாக்கற பொருளு, அமைலேஸுக்கு அங்க வேலையே இல்ல, தென்னை நார்க்கழிவுக்கெல்லாம் சிப்பிக்காளான் வித்து போட்டு மக்க வைக்கறதே அந்த லிக்னின உடைக்கத்தான். இன்னொண்ணு, எக்ஸ்பைரி தேதி மேலயே கடைக்காரரு விலை ஸ்டிக்கர ஒட்டி வச்சிருந்தாரு. கேட்டா, "ஒண்ணும் ஆவாதுண்ணா, பாக்டீரியாதான, அது பாட்டுக்கு இருக்கும்"ங்கறாரு! நகத்தால சொரண்டிப் பாத்துட்டு வாங்குங்க.

வெல கம்மியா வேணும்னா காசியாபாத் தேசிய இயற்கை வேளாண் மையம் 2015ல கொண்டாந்த வேஸ்ட் டீகம்போசர்னு குப்பைய மக்க வைக்கிற நுண்ணுயிர் கலவை இருக்குது, 20 ரூபா பாட்டில்னு கொண்டாந்தாங்க, 200 லிட்டர் தண்ணில 2 கிலோ வெல்லம் கரைச்சு அதுல ஊத்தி பெருக்கிக்கலாம். வயல் வச்சிருக்கறவங்களுக்கு அதான் லாபம். மெஸ்ஸுக்கு சரிப்படாது, சோறே சொதசொதன்னு இருக்குது, அது மேல திரவத்த வேற ஊத்தினா நாத்தம்தான், அதுக்கு இந்த பவுடரே மேல்.

5க்கு மூணரை குடுப்பேன். அரை கிலோ பாக்கெட்டும் வருது, அத்த உள்ள வச்சிருக்காங்க, கேட்டாத்தான் எடுத்துக் குடுக்கறாங்க.