உசுவாயாவுக்கு விமானமா, பேருந்தா?

அண்டார்டிகா கப்பலைப் பிடிக்க அர்ஜென்டினாவின் தென்கோடி நகரான உசுவாயா செல்வோரில் பலர் தலைநகர் புவனோஸ் அய்ரஸிலிருந்து விமானம் ஏறுகின்றனர். பறப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரந்தான் என்றாலும், வெளிநாட்டு விமானம் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கி, உள்நாட்டு விமானம் இன்னொரு விமான நிலையமான ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்புமானால், பெட்டிகளோடு நகரைக் கடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிலியின் புன்டா அரேனாசிலிருந்து வரும் பேருந்துக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். வழியில் பேருந்தே படகில் ஏறி மகெல்லன் நீரிணையைக் கடக்கிறது. காற்று மிஞ்சினால் படகு நின்றுவிடும், கரையில் வண்டிகள் வரிசைகட்டும். சிலி–அர்ஜென்டினா எல்லையான சான் செபாஸ்தியானில் கடவுச்சீட்டுச் சோதனை வேறு. ஆயினும் கரிபால்டி கணவாயில் ஏறும்போது கீழே விரியும் எஸ்கொந்திதோ ஏரி தரைவழி வருவோருக்கே வாய்க்கும்.

கப்பல் யாருக்காகவும் காத்திராது என்பதால், போகும்போது ஒரு நாள் முன்னதாக இறங்கும் விமானத்தையும், திரும்பும்போது பேருந்தையும் தேர்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.