அந்த ஒய்பி கிட்டை வாங்கியவர்கள் பர்னரைப் பற்றவைக்க வேண்டாம்

பழைய ஒய்பி (YP) பயணிகள் ரயில் எஞ்சினின் சின்ன மாதிரி, 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் நிஜ நீராவியில் ஓடும், பாகம் பாகமாக வரும், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விளம்பரம் கொஞ்ச நாளாகச் சுற்றுகிறது. அதை வாங்கியவர்கள் இருந்தால் முதலில் கேஸ் பர்னரைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நான் கிருஷ்ணகிரி. ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். லேத்தும் அரமும் கைப்பழக்கம் என்பதால் சின்ன எஞ்சின் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. விற்றவர் பெங்களூருக்காரர். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

போனில் நன்றாகத்தான் பேசினார். "உங்க கிருஷ்ணகிரிக்கு அந்தக் காலத்துல வந்த ரயில் இதுதான் சார்" என்றார். சிரிப்பு வந்தது. திருப்பத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு 1905-இல் வந்த ரயில் இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் ஓடியது. 1941-இல் அதை மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைநகராக இருந்தும் இன்றுவரை ஊருக்குள் ரயில் கிடையாது. ஒய்பி மீட்டர் கேஜ் எஞ்சின், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது, அதுவும் 1949-க்குப் பிறகு வந்தது. சரி, விற்பனைப் பேச்சு, எனக்கு வேண்டியதும் ஒய்பிதானே என்று விட்டுவிட்டேன். விலை ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். பாதி முன்பணம், மீதி பெட்டி கிளம்பும்போது.

பெட்டி சொன்ன தேதிக்கு ரொம்பத் தாமதமாக வந்தது. அதைக்கூடக் குறையாகச் சொல்ல மாட்டேன். பிரித்ததும் சக்கரத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். ஒய்பியின் ஓட்டுச் சக்கரம் நிஜத்தில் 1372 மில்லிமீட்டர். இந்த மாதிரியின் அளவான 22.5-இல் ஒரு பங்குக்குச் சுருக்கினால் 61 வர வேண்டும். கிட்டில் இருந்தது 54. அது சரக்கு வண்டி எஞ்சினான ஒய்ஜியின் சக்கர அளவு. நடு அச்சில் இரண்டு பக்கத்து கிராங்க் பின்களும் (ராடு மாட்டும் சக்கர முளைகள்) ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் இல்லை. சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடை மாட்டிக் கையால் உருட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. வேறு எதையோ செய்து வைத்திருந்தவர் மேலே ஒய்பியின் உடம்பை மட்டும் போட்டு விற்றிருக்கிறார்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். பாய்லர் அப்படி இல்லை.

விளம்பரத்தில் "செம்பு பாய்லர், சில்வர் பிரேசிங், 60 பிஎஸ்ஐ, சோதித்துச் சான்றிதழோடு" என்று இருந்தது. சில்வர் பிரேசிங் என்றால் வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுவது, பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு. சான்றிதழ் என்று ஒரு ஜெராக்ஸ் வந்தது. அதில் ஓர் எண் இருக்கிறது. பாய்லரில் எந்த எண்ணும் பஞ்ச் செய்யப்படவில்லை. சோதித்தது எந்த பாய்லரை என்று எப்படித் தெரியும்? அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 25 லிட்டருக்குக் குறைவாகப் பிடிக்கும் பாய்லர் நம் பாய்லர் சட்டத்துக்குள்ளேயே வராது. எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். நாம் பார்த்தால்தான் உண்டு.

பாய்லரின் பின்தட்டைச் சுற்றியிருந்த பற்றின்மேல், அதாவது உருக்கி ஒட்டிய இணைப்பின்மேல், கறுப்புப் பெயின்ட் தடவியிருந்தது. தின்னரில் துடைத்ததும் சாம்பல் நிறம் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்தி இழுத்தேன். பளபளவென்று ஒரு கோடு விழுந்தது. சில்வர் பிரேசிங்கில் நகம் இறங்காது, அரம் போட்டால்தான் கீறும். இது ரேடியோக்காரர் வைக்கிற அதே ஈயம். சில்வர் பிரேசிங் செய்யும் கம்பி உருகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த ஈயம் 190 டிகிரிக்குள் இளகி ஓடிவிடும். 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீராவியே சுமார் 153 டிகிரி. அந்தச் சூட்டிலேயே ஈயத்தின் பலம் பெரும்பாலும் போய்விடும். இதில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கி, தீ நேரே தகட்டில் பட்டால் பற்று அவிழ்ந்துகொள்ளும்.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். "மாமா, ஒரே ஒரு தடவை பத்தவெச்சுப் பாத்துரலாமே" என்று பின்னாலேயே சுற்றினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வேறு மொட்டை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டான். எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டு, பிளம்பர் ஒருவரிடம் பைப் லைன் சோதிக்கும் கைப்பம்பை இரவல் வாங்கி வந்தேன்.

புது பாய்லரை ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில், பச்சைத் தண்ணீரால் சோதிப்பதுதான் முறை. உள்ளே துளி காற்று இல்லாமல் நிரப்ப வேண்டும். தண்ணீர் அமுங்காது, பற்று விட்டாலும் கொஞ்சம் பீச்சிவிட்டு முள் கீழே விழும், அவ்வளவுதான். கம்ப்ரசர் காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது. வெடித்தால் தகடு பறக்கும். என் பாய்லர் 120 வரை தாங்கியிருக்க வேண்டும். முள் 40-ஐ நெருங்கும்போதே பின்தட்டின் கீழ் விளிம்பில் வியர்த்தது. இன்னொரு அழுத்து அழுத்தியதும் நூல்போல் பீச்சி எதிர்ச் சுவரை நனைத்தது.

அடுத்து சேஃப்டி வால்வைக் கழற்றி அதே பம்பில் தனியாக மாட்டினேன். 60-இல் திறக்க வேண்டியது 100 தாண்டியும் திறக்கவில்லை. ஸ்பிரிங்கை அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்கி வைத்திருந்தார்கள். ஈயப் பற்று, திறக்காத வால்வு, அடியில் கேஸ் தீ, சுற்றிலும் குனிந்து பார்க்கும் பிள்ளைகள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வீடியோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "ஸ்டீம் ஏறினா லீக் தானா அடைஞ்சிடும் சார்." இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள், அடையாது. கொஞ்சம் குரலை உயர்த்தியதும், "நீங்க பிரிச்சிட்டீங்க, வாரன்டி போச்சு" என்றார். பூட்டிக்கொள்ளத்தான் பாகம் பாகமாக விற்றார், அதைப் பிரித்தது குற்றமாம்! கடைசியில் ஐயாயிரம் தருகிறேன், பேச்சை விடுங்கள் என்றார். மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

ரவுண்டானா பக்கம் செம்புக் குழாய்களுக்கு பிரேசிங் போடும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் பாய்லரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயம் பட்ட செம்பு மேல சில்வர் ஒட்டாதுண்ணா, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். எடைக்குப் போடவில்லை. அதுதான் என் சாட்சி, அப்படியே பெட்டியில் இருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் கேட்டதற்கு விற்றவர் பதிலே தரவில்லை. பிறகு ஆணையத்தில் மனு போட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பம்ப் சோதனை வீடியோ எல்லாம் சேர்த்திருக்கிறேன். "தானா அடைஞ்சிடும்" என்பதை அவர் எழுதாமல் குரல் செய்தியாக அனுப்பியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

அதே கிட் உங்களிடமும் இருந்தால் டிரைவர் கேபின் பக்கத்துப் பின்தட்டைத் தின்னரில் துடைத்து, நகக் கீறல் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சான்றிதழ் ஜெராக்ஸில் உள்ள எண்ணையும் எழுதுங்கள். என்னுடையதில் உள்ள அதே எண் இன்னொருவர் தாளிலும் இருந்தால், அடுத்த வாய்தாவில் அதைக் கொடுக்கலாம்.