ஏர் ரைபிள் வாங்கப் போகிறீர்களா? '5.5 மி.மீ.-க்கும் லைசென்ஸ் வேண்டாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள்

சென்னையில் பிள்ளைகளுக்காக ஏர் ரைபிள் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பணம் மாட்டிக்கொண்டது ஒரு பக்கம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கவே கூடாத ஒன்றை, பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கென்று தெரிந்தே எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். எழுதுவது அதற்காகத்தான்.

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். கிளப் ரைபிளை நான்கைந்து பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுட வேண்டியிருப்பதால், சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்றார் மாஸ்டர். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மன் ரைபிள்கள் லட்சங்களில் விற்கின்றன. எங்கள் பட்ஜெட்டுக்குள் நம் நாட்டுத் தயாரிப்பில், போட்டிக்குப் பழக உதவுகிற மாதிரி தேடினால் தேறுவது மிகக் குறைவு. கடையில் அடுக்கியிருப்பதெல்லாம் பெரும்பாலும் ஸ்பிரிங் கன், அதாவது ஸ்பிரிங்கின் விசையில் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் வகை. இல்லாத பொருளைக் கேட்டு வருபவர் தலையில் இருக்கிற பொருளைக் கட்டுவது சுலபம். எங்களுக்கு நடந்தது அதுதான்.

நான் கேட்டது குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலம் உள்ளது. ஆர்டர் எழுதும்போதும் அப்படித்தான் எழுத வைத்தேன். 18,500 ரூபாய் முழுதாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். டெலிவரி அன்று டேப் ஒட்டிய பெட்டி. அங்கேயே பிரிக்கச் சொன்னேன். குழலின் மேல் 5.5 என்று பொறித்திருந்தது.

"4.5 ஃபேக்டரியிலேர்ந்து வரல மேடம். இதுவும் அதே மாடல்தான், பவர் இன்னும் ஜாஸ்தி."

"இதுக்கு லைசென்ஸ் வேணுமே?"

"ஏர்கன்னுக்கு எவன் மேடம் லைசென்ஸ் கேக்குறான்? எத்தனை வருஷமா வித்துட்டிருக்கோம்!"

இதை வாய் கூசாமல் சொன்னார். 2016 ஆயுத விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. குழல் விட்டம் 4.5 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் லைசென்ஸ் தேவையில்லை. ஒன்று மீறினாலும் தேவை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு வாங்கியவர் மேல்தான் பாயும், "கடைக்காரர் சொன்னார்" என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

நான் அசையவில்லை என்றதும் உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். அது 4.5 தான், ஆனால் பெட்டியிலேயே 1,000 எஃப்பிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வினாடிக்கு 1,000 அடி என்றால் சுமார் 305 மீட்டர். போட்டிக்குப் பயன்படும் 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். அந்த பெல்லட்டுக்கு 275 மீட்டர் வேகத்திலேயே 20 ஜூல் வந்துவிடுகிறது. பெட்டியில் இருப்பது இந்த பெல்லட்டுக்கும் உண்மையென்றால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும், இல்லையென்றால் பெட்டியில் போட்டிருப்பது வெறும் விளம்பரம். எது என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்த வேகக் கணக்கை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடையில் பேச்சு முழுக்க பவர், பவர்தான். 10 மீட்டர் போட்டி ரைபிளின் வேகம் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர்தான், ஆற்றல் எட்டு ஜூலைக்கூட எட்டாது. காகித இலக்கின் மொத்த விட்டம் 45.5 மி.மீ., நடுவே பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மி.மீ. அங்கே வேண்டியது பவர் இல்லை, அசையாத ரைபிள். பலமான ஸ்பிரிங் கன்னில் பெல்லட் குழலைத் தாண்டும் முன்பே பிஸ்டன் முன்னும் பின்னும் உதைத்துவிடும். ஒரு சுற்றுக்கு அறுபது முறை அந்த ஸ்பிரிங்கை வளைத்து ஏற்றினால் வளரும் பிள்ளையின் தோள் என்னவாகும்? அந்த மனிதர் பெல்லட்டே போடாமல் டப்பென்று சுட்டு வேறு காட்டினார். காற்றின் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும், சீல் கெடும். விற்கிறவருக்கே இது தெரியவில்லை, அல்லது கவலையில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. "பொண்ணுக்கு ஒத்துவரலன்னாலும் வீணாகாது மேடம். ஊர்ல தோட்டம் இருந்தா பெருச்சாளி, மயிலு, குரங்கு எல்லாத்துக்கும் ஆகும்." மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பக்கத்தில் என் மகள் நிற்கிறாள், அவள் காதுபடச் சொல்கிறார்.

இரண்டையும் தொடாமல் வந்துவிட்டோம். பணத்தைக் கேட்டால் "ரீஃபண்ட் கிடையாது, வேற சாமான் எடுத்துக்கங்க" என்று கையை விரித்தார்கள். பில்லில் 'ஏர் ரைபிள் 1' என்பதைத் தவிர எதுவுமில்லை. மாடல் இல்லை, விட்டம் இல்லை, சீரியல் எண் இல்லை. நல்லவேளையாக ஆர்டர் சீட்டில் 4.5 என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் பில்லில் மாடல், விட்டம், சீரியல் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஆற்றல் 20 ஜூலுக்குள் என்பதற்குத் தயாரிப்பாளரின் தாளைக் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். பணம் கட்டும் முன் பெட்டியைப் பிரித்துக் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். முடிந்தால் மாஸ்டரையே கூட அழைத்துப் போங்கள். கிளப்பில் பெரிய பிள்ளைகள் மேல்நிலை ரைபிளுக்கு மாறும்போது பழையதை விற்பார்கள், அதையும் விசாரித்துப் பாருங்கள். நாங்கள் இப்போது அப்படி ஒன்றுக்குத்தான் காத்திருக்கிறோம்.

புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை, கமெண்ட்டில் ஊகித்து எழுதவும் வேண்டாம். ஏற்கெனவே 5.5 வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பூட்டி வைத்துவிட்டு, முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.