பேக்கப் சர்வரே போய்விட்டால்? வீம், பாக்குலா, ப்ராக்ஸ்மாக்ஸ்: ஓர் ஒப்பீடு

கேரளத்தில் பாலக்காட்டுக்கு அருகே, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் (இனி வெறும் மெஷின்) பத்துக்குச் சற்று மேல், எடைமேடைக்காகத் தனியாக ஒரு பழைய விண்டோஸ் பெட்டி, எல்லாம் சேர்த்து 2 டிபிக்குள் அடங்கும் டேட்டா. இப்படிப்பட்ட மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருளைத் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்று, இனி சந்தா மட்டும் என்றானது. சிறிய இடங்கள் பல, அதே வேலையைச் செய்யும் திறமூல மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் போயின, நாங்களும் போனோம். ஹைப்பர்வைசர் மாறும்போது பேக்கப்பையும் புதிதாக யோசித்தே ஆக வேண்டும். அப்போது பார்த்தவற்றையும், இப்போது ஓட்டிக்கொண்டிருப்பதையும் வைத்து இதை எழுதுகிறேன். அதே நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் பக்கம் சாய்ந்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெட்பேக்கப், கம்வால்ட் போன்ற பெரிய பேக்கப் மென்பொருள்களை இங்கே அலசவில்லை. அவை வங்கிகளுக்கும், நூற்றுக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் உரியவை. போர்க், ரெஸ்டிக் இரண்டும் லினக்ஸ் கோப்புகளுக்கு அருமையானவை, ஆனால் விர்ச்சுவல் மெஷினை முழுதாக எடுத்து முழுதாகத் திருப்பித் தருவது அவற்றின் வேலை இல்லை. மிஞ்சியவை மூன்று: வீம், பாக்குலா, ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்.

பாக்குலாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2000-இல் கெர்ன் சிபால்ட் தொடங்கி, 2002-இல் வெளிவந்த திறமூல மென்பொருள். வேலையை ஏவ டைரக்டர், சேமிக்க ஸ்டோரேஜ் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்), ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஃபைல் டீமன், எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க கேட்டலாக் எனும் டேட்டாபேஸ் என்று நான்கு துண்டுகளாக நிற்கும். பேக்கப்பைக் காந்த நாடாவில் (டேப்) வைத்திருப்பவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். உள்ளமைவு முழுக்க எழுத்துக் கோப்புகள். பழகியவருக்கு அது வரம், விடுப்பில் போகும்போது பொறுப்பை ஏற்கும் ஆளுக்கு அது சிரமம்.

வீம் நல்ல மென்பொருள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பேக்கப் கோப்பிலிருந்தே மெஷினை நேராகக் கிளப்பும் வசதியை 2010-லேயே கொண்டுவந்தவர்கள். எடுத்த பேக்கப்பைத் தனி வலையில் தானே பூட் செய்து சோதிக்கும் ஷ்யூர்பேக்கப் என்ற வசதியும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரே ஒரு டேட்டாபேஸை மட்டும், எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு மின்னஞ்சலை மட்டும் பிரித்தெடுப்பதில் அதனோடு போட்டி போட மற்ற இரண்டாலும் முடியாது. 2024-இல் வந்த 12.2 பதிப்பிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் மெஷின்களையும் எடுக்கிறது. விஎம்வேரில் எடுத்ததை ப்ராக்ஸ்மாக்ஸில் இறக்கலாம், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் இறக்கலாம். இலவசச் சமூகப் பதிப்பு 10 மெஷின் வரை. அந்தப் பத்தைத் தாண்டினால் ஒவ்வொரு மெஷினுக்கும் உரிமம் வாங்க வேண்டும். எங்கள் எண்ணிக்கை சரியாக அந்தக் கோட்டைத் தாண்டி நின்றது.

விலை ஒரு காரணம்தான். முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: பேக்கப் சர்வரே எரிந்துபோனால், அதில் இருந்த டேட்டாவை யார், எதைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில் படிப்பது?

எங்கள் பகுதியில் இது கற்பனைக் கேள்வி இல்லை. துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால், ஐப்பசியில் மாலை மூன்று மணிக்கு மேல் வாளையார் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும், இடி மின்னலில் ஸ்விட்சும் மோடமும் போவது வாடிக்கை. அக்கம்பக்கத்து உலைகள் ஓடும்போது மின்னழுத்தம் ஆடும். அதோடு இரும்புத் தூசி. டிஸ்க் ட்ரேயை வெளியே இழுத்தால் விரல் நுனியில் கறுப்பாக, நெய் பூசியது போல ஒட்டும். இப்படிப்பட்ட அறையில் மற்ற சர்வர்களுக்கு வரும் சாவு பேக்கப் சர்வருக்கும் வரும்.

இந்தக் கேள்வியை மூன்றிடமும் கேட்டுப் பார்த்தேன்.

பாக்குலாவில் கேட்டலாக் போய்விட்டால், வால்யூம்களை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்து அதை மறுபடி கட்டியெழுப்ப ஒரு கருவி இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் நேரம் தின்னும். கேட்டலாக்கையும், பூட்ஸ்ட்ராப் எனப்படும் சிறு கோப்பையும் தினமும் வேறிடத்துக்கு அனுப்பிவைத்தவர் தப்பிப்பார்.

வீமில் பேக்கப் கோப்பு தனக்குள்ளேயே விவரங்களை வைத்திருக்கிறது. புதிதாக வீமை நிறுவி, அந்தக் கோப்புறையைக் காட்டினால் உள்ளதை எல்லாம் காட்டிவிடும். இது பெரிய பலம். ஆனால் அதற்கு முன் ஒரு விண்டோஸ் மெஷின் தயாராக வேண்டும், அதன்மேல் வீமும் அதன் டேட்டாபேஸும் ஏற வேண்டும். பழையதைவிடக் குறைந்த பதிப்பை நிறுவினால் படிக்காது. பதிப்பு 13-இல் லினக்ஸ் மீதே வரும் தயார் வடிவம் வந்துவிட்டதால் இந்தச் சுமை குறையும். அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரின் 1.0 பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. வியன்னா நிறுவனம், ரஸ்ட் மொழியில் எழுதியது, திறமூலம். அது டேட்டாவை வைத்திருக்கும் விதம் மிக எளிது. மெஷினின் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எனும் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணையே பெயராக வைத்து ஒரு கோப்புறையில் போடும். ஒரே துண்டு எத்தனை மெஷினில் இருந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கும். எந்தத் துண்டுகள் சேர்ந்தால் எந்த நாளின் பேக்கப் என்ற பட்டியலும் பக்கத்திலேயே கோப்பாக இருக்கிறது. இதற்கென்று தனி டேட்டாபேஸ் எதுவும் கிடையாது.

இதை ஒத்திகை பார்த்தோம். பேக்கப் சர்வரை அணைத்து, டிஸ்க்குகளைக் கழற்றி, ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினோம். யூஎஸ்பியிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் புதிதாக நிறுவினோம். டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்து வைக்கும் இசட்எஃப்எஸ் பூல், ஏற்கெனவே வேறு சிஸ்டத்தில் இருந்தது என்று முரண்டு பிடிக்கும், கட்டாயப்படுத்தி இம்போர்ட் செய்ய வேண்டும். அப்புறம் டேட்டாஸ்டோர் (பேக்கப்கள் இருக்கும் இடம்) உள்ளமைவுக் கோப்பில் பெயர், இடம் என இரண்டு வரி. திரையில் எல்லாத் தேதிகளும் வரிசையாக வந்து நின்றன. லைவ் ரெஸ்டோர் போட்டு, டேலி இருக்கும் மெஷினை டேட்டா பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பூட் செய்தோம். கணக்குப் பிரிவில் கொழிஞ்சாம்பாறை அக்கா ஒருவர் இருக்கிறார். “தம்பி, நேத்து சாயங்காலம் போட்ட பில்லு இருக்குதா?” என்றார். திறந்து பார்த்தார், இருந்தது. பேக்கப் வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சான்று இதுதான்: அந்த டேட்டாவைத் தினம் பயன்படுத்துபவர் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31-இல் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனம் தவறுதலாகத் தன் டேட்டாபேஸை அழித்தபோது, ஐந்து விதமாகப் பாதுகாத்து வைத்தவற்றில் எதுவும் நம்பும்படி இல்லை. தற்செயலாக எடுத்திருந்த 6 மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் கைகொடுத்தது.

ஒத்திகையில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. பேக்கப் அட்டவணை, பயனர்கள், அனுமதிகள் எல்லாம் டேட்டாஸ்டோருக்குள் இல்லை, சர்வரின் உள்ளமைவுக் கோப்புறையில் இருக்கின்றன. அதையும் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். பேக்கப்பைப் பூட்டும் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் அதன் சாவி, மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டில் இருக்கும். ஹோஸ்டும் சேர்ந்து போனால் பேக்கப் இருந்தும் பயனில்லை. சாவியைக் க்யூஆர் குறியீட்டோடு காகிதத்தில் அச்சடிக்கும் வசதி இதிலேயே இருக்கிறது. எங்களுடையது இப்போது சம்பளப் பதிவேடு இருக்கும் இரும்பு அலமாரியில்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இது மந்தம். லட்சக்கணக்கான சிறு துண்டுகள் என்பதால் சரிபார்ப்பும், எந்தப் பேக்கப்புக்கும் தேவைப்படாத துண்டுகளை அழிக்கும் குப்பை நீக்கமும் இழுத்துக்கொண்டே போகும். முடிந்தால் எஸ்எஸ்டி, இல்லையென்றால் இசட்எஃப்எஸ்-இல் மெட்டாடேட்டாவுக்காவது (எது எங்கே என்ற குறிப்புகள்) எஸ்எஸ்டி ஜோடி போடுங்கள். பழைய பேக்கப்பை நீக்கினாலும் இடம் உடனே கிடைக்காது. குப்பை நீக்கம் ஓட வேண்டும், அதுவும் 24 மணி 5 நிமிடத்துக்குள் தொட்ட துண்டுகளை விட்டுவிடும். டிஸ்க் நிரம்பிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது கஷ்டம். இன்னொன்று: மாறிய பகுதியை மட்டும் படிக்கும் குறிப்பு, மெஷின் அணைந்தால் அழிந்துவிடும். மின்சாரம் போய் வந்த அன்று இரவு முழு டிஸ்க்கையும் படிக்கும். அனுப்புவது என்னவோ மாறியதை மட்டும்தான், ஆனால் நேரம் கூடும்.

விண்டோஸ் பெட்டிகளுக்கு அதிகாரபூர்வ கிளையண்ட் இல்லை. அதனால் வீமையும் இதையும் இணைத்தே ஓட்டுகிறோம். எடைமேடைப் பெட்டியில் வீமின் இலவச ஏஜென்ட், அது ஒரு ஷேர் கோப்புறைக்கு எழுதும். அந்தக் கோப்புறையை ப்ராக்ஸ்மாக்ஸ் கிளையண்ட் எடுத்துக்கொள்ளும். இப்படிச் செய்பவர்கள் வீம் பக்கம் சுருக்கத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அது ஏற்கெனவே சுருக்கிய கோப்பில் ஒரே மாதிரித் துண்டுகள் கிடைக்காமல் இடம் வீணாகும்.

ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல்) விஷயத்தில் எந்த மென்பொருள் என்பதைவிட எப்படி வைத்திருக்கிறோம் என்பதே பெரிது. வீமில் 2024 செப்டம்பரில் அடைத்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று ஆபத்து அளவில் 10-க்கு 9.8 மதிப்பெண் பெற்றது, அதைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். பேக்கப் சர்வரை டொமைனில் (அலுவலகக் கணினிகளின் பொது லாகின் அமைப்பு) சேர்க்காமல் இருப்பதும் உடனுக்குடன் அப்டேட் போடுவதும் எல்லாருக்கும் பொருந்தும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஹோஸ்டுக்குக் கொடுக்கும் டோக்கனுக்கு (நுழைவுச் சாவி) டேட்டாஸ்டோர்பேக்கப் என்ற அனுமதி மட்டும் போதும். அதனால் எழுத முடியும், தன்னுடையதைத் திரும்ப எடுக்க முடியும், பழையதை நீக்க முடியாது. கோயம்புத்தூர் அலுவலகத்தில் இரண்டாவது பேக்கப் சர்வர் இருக்கிறது. இங்கிருந்து தள்ளுவதில்லை, அது வந்து இழுத்துக்கொள்ளும். இங்கே நீங்கியது அங்கேயும் நீங்க வேண்டும் என்ற தேர்வை அணைத்தே வைத்திருக்கிறோம். இங்கே உள்ள ரூட் பாஸ்வேர்டு யார் கையில் சிக்கினாலும் அங்கே இருப்பதைத் தொட வழியில்லை. முதல் பிரதியை மட்டும் இங்கேயே எடுத்து, வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 டிபி போக 45 மணி நேரம் ஆகும்.

கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஆடிட்டர் கேட்டால் கோயம்புத்தூர் சர்வரின் தினசரிப் பட்டியலைக் காட்டிவிடுகிறோம்.

உங்களிடம் எஸ்க்யூஎல், ஆரக்கிள், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கலந்து ஓடுகிறதா? விஎம்வேரையோ ஹைப்பர்-வியையோ விடும் எண்ணம் இல்லையா? அப்படியென்றால் உரிமக் காசைக் கொடுத்து வீமையே எடுங்கள், விஎம்வேர், ஹைப்பர்-வி மெஷின்களை ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் முழுதாக எடுக்காது. எல்டிஓ டேப்பில் வருடக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் பாக்குலாவைப் பாருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸிலும் டேப் வசதி உண்டு என்றாலும், அதை நான் ஓட்டியதில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன். பத்து, இருபது மெஷின்களை ப்ராக்ஸ்மாக்ஸில் ஓட்டிக்கொண்டு, ஐடி ஆள் ஒருவரோ இருவரோ இருக்கும் இடமென்றால் தயங்காமல் அதன் பேக்கப் சர்வரையே போடுங்கள். முதல் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்குகளைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பாருங்கள்.