பழைய முறையா புதிய முறையா: 80சி-யை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

வருமான வரிக்கு இரண்டு முறைகள் உண்டு: பழையதில் கழிவுகள் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகள்) அதிகம், புதியதில் வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு. சம்பளக்காரர்கள் பலர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதம் எனக்குக் கவலை தருகிறது. பிஎஃப், எல்ஐசி, வீட்டு வாடகை, இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, 'புதிய முறையே லாபம்' என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் வராமல் விட்டுப்போன சில்லறைக் கழிவுகள்தான் எது லாபம் என்பதை மாற்றிப் போடுகின்றன, அதுவும் இரண்டு பக்கமும்.

2025-26 நிதியாண்டுக்கான கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். புதிய முறையில் நிலையான கழிவு (பில் எதுவும் காட்டாமலே சம்பளக்காரருக்குக் கிடைப்பது) 75,000 போக, செஸ் எனும் கூடுதல் வரியும் சேர்த்து வரி 97,500 ரூபாய். பழைய முறையில் நிலையான கழிவு 50,000 மட்டுமே. அங்கே இதே வரிக்கு இறங்க வேண்டுமானால் அதற்கு மேல் சுமார் 5.44 லட்சத்துக்குக் கழிவு காட்ட வேண்டும். 80சி-யில் (பிஎஃப், எல்ஐசி போன்றவற்றுக்கான வருமான வரிச் சட்டப் பிரிவு) முழு 1.5 லட்சம், வாடகைப்படியில் (அடிப்படைச் சம்பளம் 6 லட்சம், வாடகைப்படி 3 லட்சம், சென்னையில் மாத வாடகை 25,000 என்று வைத்தால்) 2.4 லட்சம், ஆக 3.9 லட்சம்தான் தேறுகிறது. வரி 1,35,720 வருகிறது. பெரும்பாலானவர்கள் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள்.

மூடாமல் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். 60 வயது தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையா? அவர்களுக்காக நீங்கள் செய்யும் மருத்துவச் செலவையே 80டி-யில் (மருத்துவக் காப்பீட்டுக்கான பிரிவு) 50,000 வரை காட்டலாம். ஒரே நிபந்தனை, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. மருந்துக்கடையில் ஜிபே செய்த பில்லை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, அதனால்தான் இது கைநழுவிப் போகிறது. உங்கள் குடும்பத்தின் காப்பீட்டு பிரீமியம் தனி, அதற்கு 25,000 வரை உண்டு. முழு உடல் பரிசோதனைக்கு 5,000 வரை இந்த வரம்புக்குள்ளேயே சேரும், அதை மட்டும் ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் கல்விக்கடன். பழைய முறையில் அதிகம் கவனிக்கப்படாத பெரிய கழிவு இதுதான் என்பேன். 80இ-யில் வட்டிக்கு உச்சவரம்பே கிடையாது, கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து 8 ஆண்டுகள் வரை காட்டலாம், அசலுக்கு மட்டும் கிடையாது. ஆனால் கடன் அப்பா பெயரில் மட்டும் இருந்து மகன் கட்டிக்கொண்டிருந்தால் மகனுக்குக் கழிவு இல்லை. கடன் வாங்கும்போதே இதை யோசித்துப் பெயர் போட வேண்டும். மேலே சொன்ன அதே ஆளுக்கு பெற்றோர் மருத்துவச் செலவு 50,000, சொந்தக் காப்பீடு 20,000, கல்விக்கடன் வட்டி 1.5 லட்சம் சேர்ந்தால் பழைய முறையில் வரி 83,720-க்கு இறங்கிவிடுகிறது. புதிய முறையைவிட 13,780 ரூபாய் குறைவு!

80சி-க்குள்ளும் பலர் மறப்பவை உண்டு: இரண்டு பிள்ளைகள் வரை டியூஷன் ஃபீஸ், வீடு வாங்கிய ஆண்டின் முத்திரைத்தாள், பத்திரப்பதிவுச் செலவு. வாடகைப்படியே தராத கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் 80ஜிஜி-யில் மாதம் 5,000 வரை வாடகையைக் கழிக்கலாம், அதற்கு 10பிஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

சரி, புதிய முறைக்கு வருவோம். 'அங்கே கழிவே இல்லை' என்பது தவறு. கம்பெனி உங்கள் பெயரில் என்பிஎஸ்-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 14 சதவீதம் வரை 80சிசிடி(2)-இல் கழிவு உண்டு. தனியார் ஊழியருக்குப் பழைய முறையில் இது 10 சதவீதம்தான், ஆக இந்த ஒன்றில் புதிய முறைதான் தாராளம். இதன் பலத்தைப் பாருங்கள். சம்பளம் 13.5 லட்சம், அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால் சாதாரணமாக வரி 74,100 ரூபாய். அதே 13.5 லட்சத்துக்குள் 84,000 ரூபாயை கம்பெனி பங்காக என்பிஎஸ்-க்குத் திருப்பினால் வரிக்குரிய வருமானம் 11.91 லட்சம் ஆகிறது. 12 லட்சம் வரை முழுத் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பணம் நீண்ட காலம் பூட்டப்படும் என்பது உண்மைதான், மாதம் கைக்கு வரும் சம்பளமும் குறையும். ஆனாலும் 13 லட்சத்தை ஒட்டிச் சம்பளம் வாங்குபவர்கள் பழைய முறைக்காக பில் தேடி அலைவதைவிட, இதைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

வேலைக்காகக் கைக்காசு போட்டு வாங்கிய லேப்டாப்பையோ படித்த கோர்ஸையோ சம்பளக்காரர் எந்த முறையிலும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் நிலையான கழிவுக்குள் அடக்கம். ஆனால் அலுவல் நிமித்தம் வெளியூர் போக, இடமாற்றத்துக்கு, பணிநேரப் பயணத்துக்கு கம்பெனி படியாகத் தந்து, அதை அந்த வேலைக்கே செலவழித்திருந்தால் இரண்டு முறையிலும் வரி இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியையும் புதிய முறையில் அந்த வாடகை வருமானத்துக்கு எதிராகக் கழிக்கலாம், நஷ்டத்தைச் சம்பளத்தில்தான் கழிக்க முடியாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு வேண்டுமானால் பழைய முறைதான்.

அரியர் (முந்தைய ஆண்டுகளின் சம்பள பாக்கி) வாங்கியவர்கள் எந்த முறையில் இருந்தாலும், அது மொத்தமாக வந்ததால் கூடும் வரிக்கு 89-ஆம் பிரிவு தரும் நிவாரணத்தைப் பாருங்கள். ரிட்டர்னுக்கு முன்பே 10இ படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும், போடாமல் நிவாரணம் கேட்டால் வருமான வரித்துறை அதை நிராகரித்துவிடும்.

ஆபீசில் டிடிஎஸ்-க்காக (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) எழுதிக் கொடுத்தது இறுதி முடிவு அல்ல. தொழில் வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதி தாண்டிவிட்டால் புதிய முறை மட்டும்தான், எத்தனை பில் வைத்திருந்தாலும் பயனில்லை. என்பிஎஸ் விஷயம் இதற்கு நேர் எதிர்: ரிட்டர்னில் சேர்க்க வழியே இல்லை, ஆண்டு தொடங்கும்போதே எச்ஆரிடம் பேசிச் சம்பளக் கட்டமைப்பில் போட்டிருக்க வேண்டும்.